கார்டு நிறையும்வரை

நான் கல்யாணம் எடுக்கிறவன். மாநில எல்லையை ஒட்டிய எருத்தேன்பதிப் பக்கம் கல்யாணம், சீர், காதுகுத்து, புதுவீடு என்று எது நடந்தாலும் என் ஸ்டுடியோவிலிருந்துதான் ஆள் போகும். பெரும்பாலும் நானே போவேன். மாப்பிள்ளையின் காலரைச் சரிசெய்வேன், பெண்ணின் முகவாயை விரலால் கொஞ்சம் தூக்கிவிடுவேன், பின்னால் எவனாவது தண்ணீர் குவளையோடு நின்றால் சத்தம் போட்டு விரட்டுவேன். என் வாய்க்குப் பயந்து பந்தியில் பாதியில் எழுந்து வந்து குரூப் போட்டோவுக்கு நின்றவர்கள் உண்டு. கண்ணுக்கு அழகில்லாததை எல்லாம் படத்துக்கு வெளியே தள்ளித் தள்ளியே சோறு தின்றவன் நான்.

அப்படிப்பட்டவன் தலை நரைத்த பிறகு டாக்குமெண்டரி போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ளப் போனேன். அதுவும் என்னைவிட மிகவும் இளைய ஒரு பெண்ணிடம். ஊரில் பலருக்கு இது வேடிக்கை. என் மனைவிக்கு வேடிக்கையாக இல்லை. முகூர்த்த மாதத்தில் ஸ்டுடியோ வேன் எங்கே போகிறது என்று கேட்டாள். நல்ல கேள்விதான். அந்த வேன் போய் நின்ற இடத்தில், ஒரு குடும்பம் குடியிருக்கும் ஷெட் என் கேமராவுக்குள் மாட்டிக்கொண்டது.

அந்தப் பெண் கல்பாத்தி அக்ரஹாரத்தில் வளர்ந்தவர். பத்திரிகைகளுக்குப் படம் எடுத்து அதிலேயே பிழைப்பவர். எல்லையோர விவசாயத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரைக்காக என் வேனை வாடகைக்கு எடுத்தார். இரண்டாம் நாள், அவர் எடுத்த படங்களை எட்டிப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது, ஒருத்தருக்கும் தலைகூடச் சீவியிருக்கவில்லையே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கேமராவை என் கையில் கொடுத்து, நீங்கள் எடுங்கள் என்றார். அன்றிலிருந்து வாடகையோடு பாடமும் ஓடியது. நான் அவரை மேடம் என்பேன், பாதி மரியாதை, பாதி கேலி. அவர் என்னை அண்ணா என்பார், அதிலும் அதே அளவு கேலி இருந்தது.

முதல் பாடம் காந்தலூரில். உடுமலை வழியாகச் சின்னாறு சோதனைச்சாவடி தாண்டி மேலே ஏறிப் போயிருந்தோம். செய்தி சேனல்களுக்கு வீடியோ எடுக்கும் அவருடைய நண்பர் ஒருவரும் கூட வந்தார். பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாளை எடுக்கச் சொன்னார் மேடம். நான் பழக்கதோஷத்தில், அந்த அம்மாளின் காலடியில் கிடந்த உரச்சாக்கை இழுத்துத் தூரப் போட்டேன். அப்புறம் கொஞ்சம் சிரிக்கச் சொன்னேன். அந்த அம்மாள் மாலை மாற்றப்போகிறவர் மாதிரி கைகளைக் கோத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். வீடியோக்காரர் சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேடம் சிரிக்கவில்லை. சாக்கைத் திருப்பி வைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணா. இனிமே வச்சா அது நீங்க வச்ச சாக்கு. இருக்கறதைத் தொடாதேங்கோ, அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு சாக்குக்கு இத்தனை பேச்சா என்று மனதுக்குள் திட்டினேன். ஆனாலும் அன்று முழுவதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். சாக்கு, பக்கெட், அறுந்த செருப்பு, காயப்போட்ட துணி எல்லாம் மெதுமெதுவாகக் கண்ணில் படத் தொடங்கின. அவை இல்லாமல் அந்த மனிதர்கள் யாரென்றே தெரியாது என்று புரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இறங்கும் வழியில் டீக்கடையில் வைத்து வீடியோக்காரர் இன்னொன்றைச் சொல்லிக் கொடுத்தார். எங்காவது ஆட்கள் மடக்கி, படத்தை அழி என்று மிரட்டினால் முரண்டு பிடிக்கக் கூடாது. அவர்கள் கண் முன்னாலேயே டெலிட் செய்துவிட வேண்டும். ஆனால் அதன் பிறகு அந்த மெமரி கார்டில் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. டெலிட் செய்தால் படத்தின் பெயர்தான் போகும், படம் கார்டிலேயே கிடக்கும், வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் போட்டு மீட்டுவிடலாம். மேலே புதுப் படங்கள் வந்து விழுந்தால் மட்டும்தான் பழையது நிஜமாகவே போகும். தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இது தெரியும் என்றார். பரவாயில்லையே, இவர்களும் நம்மைப் போலத் தில்லாலங்கடிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலமடைக்கு நாங்கள் போனது மாம்பூ காலத்தில். அந்த வறண்ட மண்ணில் கண்ணுக்கு எட்டிய தூரம் தோப்புதான், மரம் மரமாகப் பூ. பூவில் பூச்சி விழாமல் மருந்து அடிக்கிற நேரமும் அதுதான். தோப்புகளில் பாதி பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு விட்டவை. பாட்டக்காரர் ஆள் வைத்து நடத்துவார். வேலைக்கு வந்த குடும்பங்களுக்குத் தோப்புக்குள்ளேயே தகர ஷெட் போட்டுக் கொடுப்பார். மருந்து அடிப்பதைப் படம் எடுக்கிறவர்களை அங்கே யாருக்கும் பிடிக்காது. விலை விழுந்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் புரியும், எனக்கும் நாலு தென்னை இருக்கிறது.

ஒரு தோப்புக்காரர் எங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தார். மேடம் அவரோடு பேசிக்கொண்டிருக்க, நான் வேலி ஓரமாக நடந்தேன். அடுத்த தோப்பில் டிராக்டர் ஒன்று டேங்க்கை இழுத்துக்கொண்டு வந்தது. டேங்க்கின் மேல் ஒரு மனிதர், மூக்கில் துண்டைக் கட்டி, குழாயைத் தோளில் தாங்கி, பூவை நோக்கி மருந்தைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். வெயில் பட்டு மருந்து புகையாக மிதந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பியது. புகை மெல்ல நகர்ந்து, மரத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஷெட்டின் மேல் இறங்கியது. ஷெட் வாசலில் துணிக்கொடி. கொடியில் ஒரு சேலை, ஒரு கைலி, ஒரு பள்ளிக்கூட யூனிபார்ம். ஈர யூனிபார்மின் மேல் மருந்து விழுவதை என் கண்ணால் பார்த்தேன்.

பழைய ஆளாக இருந்தால் அந்தக் கொடியைக் கழற்றச் சொல்லியிருப்பேன். இப்போது கொடியை முன்னால் வைத்து, டேங்க்கில் நின்றவரைப் பின்னால் வைத்து எடுத்தேன். எடுத்த கணமே தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் நான் எடுத்ததெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். டேங்க்கில் நின்றவர் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரிடம் போய் என்ன ஏது என்று பேச வேண்டும் என்று வேலியைத் தாண்டக் கால் வைத்தேன். அதற்குள் பைக் சத்தம்.

இரண்டு பைக்கில் மூன்று பேர். முன்னால் வந்தவர் பாட்டக்காரரின் சூப்பர்வைசர். சாவகாசமாக ஸ்டாண்டு போட்டு, செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத்தான் பேசினார்.

"ஏனுங்க, என்னங்க எடுத்துட்டு இருக்கறீங்க?"

எங்கள் பக்கத்து ஆட்களை எனக்குத் தெரியும். அடிக்க வருகிறவன்கூட முதலில் ங்க போட்டுத்தான் கேட்பான். ங்க இருக்கும்வரை பேசலாம். சும்மா பூவை எடுத்தேனுங்க என்றேன். பூவை எடுக்க வேலி ஓரம் எதற்கு என்றார். மேடம் ஓடிவந்து, அனுமதி வாங்கித்தான் வந்தோம் என்றார். அது பக்கத்துத் தோப்புக்கு, இது இந்தத் தோப்பு என்றார் அவர். அவரோடு வந்த இருவரில் ஒருவன் என் வேனின் முன்னால் போய் நின்றுகொண்டான். டிராக்டர் நின்றுவிட்டது. சூப்பர்வைசர் கையை நீட்டினார்.

"காட்டு."

ங்க போய்விட்டது. நான் பதிலுக்கு எகிறியிருப்பேன், ஊரில் என்றால் எகிறியிருப்பேன். மேடம் என்னைப் பார்த்துக் கண்ணால் சொன்னார், டீக்கடையில் கேட்டது நினைவுக்கு வந்தது. திரையைத் திருப்பிக் காட்டி ஒவ்வொரு படமாக அழித்தேன். யூனிபார்ம் படம் வந்தபோது சூப்பர்வைசர் சற்றுக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அழித்தேன். மேடத்தின் கேமராவையும் வாங்கிப் பார்த்தார். அதில் மரங்கள்தான் இருந்தன.

பிறகு அவர் எங்களை விட்டுவிட்டு டேங்க் பக்கம் திரும்பினார். எங்களுக்கும் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

"அந்தப் போட்டோ எங்கியாச்சும் வந்துச்சுன்னா, அன்னைக்கே ஷெட்டக் காலி பண்ணிட்டு மலைக்குப் போயிரோணும். புள்ள படிக்குது கிடிக்குதுன்னு எங்கிட்ட வந்து நிக்கப்படாது."

டேங்க்கில் நின்றவர் துண்டை அவிழ்க்காமலே தலையை ஆட்டினார். பைக்குகள் போயின.

வேனில் ஏறப்போகும்போது, தலையில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண் வேகமாக வந்தார். டேங்க்கில் நின்றவரின் மனைவி. பேச்சிலேயே தெரிந்தது, எங்கள் பக்கம் இல்லை, இடுக்கி எஸ்டேட்டில் இருந்து இறங்கி வந்தவர்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, நெசமாவே அழிச்சுட்டீகளா?"

அழிச்சாச்சுங்க அம்மிணி என்றேன். அவர் போகவில்லை. குடத்தையும் இறக்கவில்லை. போன வருடம் ஒருவர் வந்தாராம். இதே மாதிரி எல்லார் முன்னாலும் அழித்துக் காட்டினாராம். பிறகு பேப்பரில் வந்துவிட்டதாம். அந்தக் குடும்பத்தை மறுநாளே சட்டி பானையோடு ஏற்றி அனுப்பிவிட்டார்களாம்.

"எம் பொண்ணு பத்தாவது படிக்குதுண்ணே. மார்ச்ல பரீட்சை. இந்த ஷெட்ட விட்டா எங்களுக்கு எங்கிட்டும் போக்கு இல்ல. அழிச்சாலும் திரும்ப வருமாமே?"

மேடம் என்னைப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தார். அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்க்க முடியாமல் குடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"வராதுங்க. நானாச்சு."

அவர் அதை நம்பிப் போனார்.

வேன் கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் ஷெட் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில், மடியில் கேமரா. கொல்லங்கோடு சாலையில் ஏறினோம். பிறகு அவர், கார்டைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், அதில் எதுவும் எடுத்துவிடாதீர்கள் என்றார். மிகச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த அம்மணியிடம் நான் சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

"விழுந்தது. அந்தக் கொழந்தை மேல மருந்து விழறதும் விழுந்துண்டுதான் இருக்கு. அதை யாரு சொல்றது அண்ணா? நாம சொல்லாட்டா யாரு சொல்லுவா?"

நான் குரலை உயர்த்தினேன். ஷெட் போனால் அந்தப் பிள்ளை எங்கே போகும் என்றேன். முகத்தை மறைத்துவிடலாம் என்றார். முகம் எதற்கு, கொடி இருக்கிறதே, அந்தத் தோப்பில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற ஷெட் எது என்று சூப்பர்வைசருக்குத் தெரியாதா என்றேன். அந்தக் கொடியைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தானே என்றும் சொன்னேன். அது அவருக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு, மார்ச் முடியும்வரை வைத்திருந்துவிட்டு வெளியிடலாம் என்றார். பரீட்சை முடிந்துவிடுமே.

நியாயமான பேச்சுதான். நான் அதை இரண்டு மூன்று தரம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஆனால் ஷெட் மார்ச்சோடு வேண்டாததாகிவிடாது. அதுவும் போக, என்னை எனக்குத் தெரியும். நல்ல படம் ஒன்று கையில் இருந்தால், டீக்கடைக்காரருக்குக்கூடக் காட்டாமல் என்னால் இருக்க முடியாது. மார்ச் வரை அந்தப் படத்தை மடியில் கட்டிக்கொண்டு நான் சும்மா இருப்பேன் என்பதை நானே நம்பவில்லை. நானாச்சு என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

கேமராவை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பட்டனை அமுக்கிப் பிடித்தேன். தாலி கட்டும்போது விடாமல் எடுப்போமே, அந்த மாதிரி. தடதடவென்று ஓடியது. சாலை, புளியமரம், மின்கம்பம், எதுவென்றே பார்க்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த யூனிபார்ம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். மேடத்துக்கும் தெரியும். அவர் கை எட்டும் தூரத்தில்தான் கேமரா இருந்தது. பிடுங்கியிருந்தால் நான் விட்டிருப்பேனோ என்னவோ. கேமரா மூச்சு முட்டி நின்றது, மறுபடி அமுக்கினேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. பெற்ற பிள்ளையைக் கிணற்றில் போடுகிற மாதிரி இருந்தது.

வேன் சடாரென்று ஓரம் கட்டியது. மேடம் இறங்கி என் பக்கம் சுற்றி வந்தார். முகம் சிவந்திருந்தது. இதோடு பாடம் முடிந்தது, இனி வேன் வாடகையும் இல்லை என்று நினைத்தேன்.

"இப்படிக் கண்ணை மூடிண்டு அமுக்காதேங்கோ. கார்டை ரொப்பத்தானே போறேள்? பாத்து ரொப்புங்கோ."

இறங்கினேன். தேங்காய் ஏற்றப் போகும் காலி லாரி ஒன்று வந்தது. இடது பக்கம் போ, குனி, டிரைவர் திரும்பும்வரை பொறு என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். குரலில் இன்னும் கோபம் இருந்தது. நான் எடுத்தேன். பைக்கில் புல்லுக்கட்டோடு போனவரை எடுத்தேன். வயலுக்கு அப்பால் நெல்லியாம்பதி மலையை எடுத்தேன், மலை எங்கேயும் ஓடாது, மனுஷாளை எடுங்கோ என்று திட்டு வாங்கினேன். கடைசியில் அவரையே எடுத்தேன். மறைக்கவில்லை, தலையைச் சரிசெய்யவில்லை. கோபமும் களைப்புமாக என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். கார்டு நிறைந்துவிட்டது என்று திரையில் எழுத்து வந்தது.

கட்டுரை வந்தது. முதலமடை பற்றிய பகுதிக்கு அவர் எடுத்த பூத்த மரங்களின் படம்தான் போட்டிருந்தார்கள், வேறு இல்லையே. மருந்தைப் பற்றி உள்ளே நன்றாகவே எழுதியிருந்தார். அதை யார் படித்தார்கள்? எவ்வளவு அழகான தோப்பு, ஒருநாள் போக வேண்டும் என்று பலர் அந்தப் படத்தை எனக்கே அனுப்பினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் செய்தது சரிதானா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த மாம்பூ காலத்தில் மேடமும் நானும் மறுபடி அந்தப் பக்கம் போனோம். இம்முறை பஞ்சாயத்து ரோட்டில் நின்றோம், ஷெட் அங்கிருந்து நாலு எட்டு. அதே டிராக்டர், அதே டேங்க், அதே மனிதர், அதே துண்டு. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கையைத் தூக்கினார். பக்கத்தில் வந்ததும் டிராக்டரை நிறுத்தச் சொன்னார். பொண்ணு பாஸாகி ப்ளஸ் ஒன் போகுதுண்ணே என்று மேலிருந்தே சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய ஷெட்டை நான் காப்பாற்றிக் கொடுத்தேன், அந்த டேங்க்கையும் சேர்த்துத்தான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"என்னண்ணே, இன்னைக்கு எடுக்கலையா?" என்று சிரித்தார்.

இல்லை என்று தலையாட்டினேன். டிராக்டர் நகர்ந்தது, மருந்து மேலே எழுந்தது. காற்று இந்தப் பக்கம்தான். ஷெட் வாசலில் அதே கொடி, அதில் வேறு நிறத்தில் புது யூனிபார்ம். ஷெட்டில் ஆள் இல்லை. கேமரா என் கழுத்தில் தயாராகத்தான் இருந்தது. போன வருடத்துப் படத்தை அப்படியே திரும்ப எடுத்திருக்கலாம், அதைவிட நன்றாகவே எடுத்திருக்கலாம்.

நான் கேமராவைக் கழற்றினேன். மேடம் ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பிடித்துக்கொண்டார். புகை வந்து சேருவதற்குள் ஓடிப்போய்க் கொடியில் இருந்த துணிகளை எல்லாம் வாரி எடுத்தேன். யூனிபார்ம் இன்னும் காயவில்லை. அதை உதறி மடித்து, ஷெட் கதவைத் தள்ளி, உள்ளே பாய் மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.